புட்டிப்பால் குட்டியும் புதுக் குட்டியும்

'எலியும் பூனையும் மாதிரி' என்று சண்டைக்காரர்களைச் சொல்வது நம் வழக்கம். பிறக்கும்போதே கூட வந்த பகை, அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். சந்தேகப்பட்டவர் சிங்-யாங் குவோ என்ற சீன உளவியலாளர். விலங்கு எதைச் செய்தாலும் 'அது பிறவிக் குணம்' என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் காரணம் தேட மாட்டார்கள் என்பது அவருடைய ஆதங்கம். 1930இல் அவர் வெளியிட்ட ஆய்வு, பூனை வளர்க்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டியது.

குட்டிகளை அவர் மூன்று விதமாக வளர்த்தார். ஒரு கூட்டம் தாய்ப்பூனை எலியைப் பிடித்துக் கொல்வதைப் பார்த்து வளர்ந்தது. இன்னொரு கூட்டம் எலியையே பார்க்காமல் தனியாக வளர்ந்தது. மூன்றாவது கூட்டத்துக்குக் கூண்டிலேயே ஓர் எலி துணையாக இருந்தது. தாயைப் பார்த்து வளர்ந்த 21 குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. தனியே வளர்ந்த 20இல் 9 கொன்றன. எலியோடு வளர்ந்த 18இல் கொன்றவை 3 மட்டும்; அவையும் கொன்றது வேறு வகை எலிகளை. கூண்டுத் துணையின் மேல் ஒரு குட்டியும் பல் வைக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போது எல்லாம் வளர்ப்புதான்' என்று கிளம்பிவிடக் கூடாது. யாரும் சொல்லித்தராமலே அந்த ஒன்பது குட்டிகளும் கொல்லக் கற்றுக்கொண்டனவே, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வேட்டை உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் யாரை வேட்டையாடுவது, யாரோடு உருண்டு விளையாடுவது என்ற பிரிவினையில் பெரும்பகுதி பிறந்த சில வாரங்களில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு வீட்டில் ஏற்கெனவே கையால் பால் புகட்டி வளர்த்த பூனைக்குட்டி ஒன்று இருக்கிறது. முற்றத்தில் ஒரு நாய். பால்கனிக் கூண்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். இப்போது இன்னொரு குட்டியும் அட்டைப்பெட்டியில் வந்து இறங்குகிறது. அந்த வீட்டுக்காரர்கள் குவோவின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய சோதனையைத்தான் கொஞ்சம் பெரிய கூண்டில் நடத்தப் போகிறார்கள்.

அந்தச் 'சில வாரங்கள்' எவை? அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் 1980களில் இதைப் பொறுமையாக ஆராய்ந்தார். வெவ்வேறு வயதில் குட்டிகளைத் தினமும் கையில் எடுத்துப் பழக்கி, பிறகு அவை மனிதரிடம் எவ்வளவு நேரம் தங்குகின்றன, எவ்வளவு சீக்கிரம் கிட்டே வருகின்றன என்று அளந்தார். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் பூனையின் மனம் மிக அகலமாகத் திறந்திருக்கிறது என்று தெரியவந்தது. நாய்க்குட்டிக்கு இந்தக் காலம் ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில் தொடங்கிப் பன்னிரண்டாவது வாரம் வரை நீள்கிறது. பூனையிடம் அவ்வளவு அவகாசம் இல்லை. எட்டு வாரக் குட்டியைத் தத்தெடுத்து 'இனிமேல் பழக்கிக்கொள்ளலாம்' என்று நாம் ஆரம்பிக்கும்போது, அதன் முக்கியமான பாடங்கள் முடிந்துபோயிருக்கும். அதற்கப்புறமும் கற்கும். ஆனால் ஒரு வாரத்தில் படிந்திருக்க வேண்டியதற்கு மாதங்கள் பிடிக்கும்.

கையால் வளர்ந்த குட்டி இந்தக் காலத்தை எங்கே கழித்தது என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலோ மோட்டார் அறையிலோ கத்திக்கொண்டிருந்ததை யாரோ எடுத்து வந்திருப்பார்கள். (பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஏழு என்பது கணக்கு இல்லை என்றாலும் விஷயம் உண்மை. தாய் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும் நடுவில் நாம் புகுந்து, மிச்சமிருப்பதை 'அநாதை' என்று தூக்கி வந்துவிடுகிறோம். குட்டி சூடாக, வயிறு நிறைந்து, கத்தாமல் கிடந்தால் தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். பெரும்பாலும் தாய் வந்துவிடும்.) தாய் வராதபோது பால்புட்டி, வெந்நீர்ப் பை, இரவில் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் அலாரம். பிறந்தபோது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் உயிர் நாளுக்குச் சுமார் 10 கிராம் கூடுகிறதா என்று சமையலறைத் தராசில் வைத்துப் பார்ப்பது. குப்புறப் படுக்க வைத்துத்தான் புகட்ட வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்தினால் பால் மூச்சுக்குழாயில் போய்விடும். முதல் மூன்று வாரம் ஈரப் பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட்டால்தான் சிறுநீரே போகும். இதையெல்லாம் ஓரளவு விவரம் தெரிந்தவர்கள் சரியாகச் செய்துவிடுகிறார்கள்.

மனிதனால் செய்ய முடியாதது ஒன்று உண்டு. பூனையாக நடந்துகாட்டுவது.

நாலாவது வாரத்தில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று பாய ஆரம்பிக்கின்றன. அக்காவின் காதைத் தம்பி கடிக்கிறது. கொஞ்சம் அழுத்திவிட்டால் அக்கா கிறீச்சென்று கத்திவிட்டு எழுந்து போய்விடும், விளையாட்டு நின்றுவிடும். தாயின் வாலை இழுத்தால் தலையில் ஓர் அடி, கூடவே ஒரு சீறல். ஒரு நாளில் நூறு தடவை இது நடக்கிறது. எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு, எதற்கு மேல் போனால் வலி, நகத்தை எப்போது உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் இந்த நூறில்தான் படிகிறது. தனியே வளரும் குட்டிக்கு எதிரில் இருப்பது மனிதக் கை. போர்வைக்கடியில் விரலை ஆட்டிக் காட்டும் பிள்ளைகள், குட்டி பாய்ந்து கடித்ததும் சிரிக்கிறார்கள், திரும்பவும் ஆட்டுகிறார்கள். குட்டிக்குப் புரிவது ஒன்றுதான்: கை என்பது கடிப்பதற்கான பொருள். ஆறு மாதத்தில் அதே கடியில் ரத்தம் வரும்போது 'வளர்த்த கையையே கடிக்கிறதே' என்று ஆதங்கப்படுகிறோம். (இதை நடுவில் சொல்லியே ஆக வேண்டும்: தெருவில் எடுத்த, ஊசி போடாத குட்டியின் பல் பட்டால், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ளப் போக வேண்டும். 'குட்டிதானே' என்று விட்டுவிடக் கூடாது.)

இது வெறும் வீட்டு அனுபவம் இல்லை. 1959இல் பிலிப் சைட்ஸ் என்பவர் இரண்டு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்த குட்டிகளை, ஆறு வாரத்திலும் பன்னிரண்டு வாரத்திலும் பிரித்தவற்றோடு ஒப்பிட்டார். முந்திப் பிரிந்தவை வளர்ந்த பிறகும் மிரண்டன. மற்றப் பூனைகளிடம் முரட்டுத்தனம் காட்டின. 1992இல் ஜில் மெல்லன், உயிரியல் பூங்காக்களில் வளரும் சிறிய காட்டுப்பூனை இனங்களுக்கு உதவும் என்று வீட்டுப்பூனைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தாய் வளர்த்தவை, மனிதர் கையில் உடன்பிறப்போடு வளர்ந்தவை, மனிதர் கையில் தன்னந்தனியே வளர்ந்தவை என்று மூன்று வகை. மற்றப் பூனைகளோடு அதிகம் மல்லுக்கட்டியவை தனியே வளர்ந்தவைதான். பின்லாந்தில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏறத்தாழ 5,700 பூனைகளைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது: எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்தவற்றிடம் முரட்டுத்தனம் அதிகம், பதினான்கு வாரத்துக்குப் பின் பிரிந்தவற்றிடம் குறைவு.

ஆகவே புதுக் குட்டி வருவதை 'போட்டிக்கு ஒருத்தன் வந்துவிட்டான்' என்று பார்க்க வேண்டியதில்லை. மனிதர் வளர்த்த குட்டிக்கு அதுதான் முதல் ஆசிரியர். நம்மிடம் கிடைக்காத பாடங்கள் அதனிடம் கிடைக்கும். ஆனால் அந்தக் குட்டிக்கு இது தெரியாதே. மூன்று மாதம் மனிதர் மடியிலேயே கிடந்தது, தன் இனத்தை முதன்முதலாகப் பார்க்கும்போது என்ன செய்யும்? முதுகை வில்லாக வளைக்கும். வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி விரியும். சீறும், கட்டிலுக்கடியில் போய் ஒளியும். வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் 'பொறாமை' என்பார்கள். எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. பொறாமை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை அளக்க யாரிடமும் கருவி இல்லை. அந்தச் சீறலை விளக்க அதைவிட எளிமையான ஒன்று போதும். வாசனை.

பூனைக்குட்டி கண் திறப்பது ஏழு முதல் பத்து நாட்களில். அதற்கு முன்பே மூக்கு வேலை செய்கிறது. கண் தெரியாத அந்த நாட்களிலேயே பல குட்டிகள் தாயின் வயிற்றில் தனக்கென்று ஒரு காம்பை மோப்பத்தால் கண்டுபிடித்து, தினமும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. வளர்ந்த பிறகும் பூனையின் உலகத்தில் முகத்தைவிட வாசனைக்குத்தான் மதிப்பு. கன்னம், மோவாய், நெற்றி, உள்ளங்கால், வால் அடி என்று உடம்பெங்கும் வாசனைச் சுரப்பிகள். கதவு மூலையில் கன்னத்தைத் தேய்ப்பதும் நம் காலில் உரசிக்கொண்டு போவதும் கொஞ்சலாக நமக்குத் தெரிகிறது. பூனைக்கு அது கையெழுத்துப் போடும் வேலையும்கூட. கூட்டமாக வாழும் பூனைகள் ஒன்றையொன்று உரசி உரசி ஒரு பொதுவாசனையை உண்டாக்கிக்கொள்கின்றன. அந்த வாசனை உள்ளவர் உறவு. இல்லாதவர் அந்நியர். கூடவே வளர்ந்த பூனையே ஆனாலும், ஒரு நாள் கால்நடை மருத்துவமனையில் இருந்துவிட்டு மருந்து வாடையோடு திரும்பினால் வீட்டிலிருக்கும் மற்றது சீறுவது இதனால்தான்.

பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை. தனியே வேட்டையாடி, தனியே வாழ்வது. நம் தானியக் குதிர்களுக்கு வந்த எலிகளைத் தேடி அது மனிதரிடம் வந்து ஏறத்தாழ பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் பக்கத்தில் பூனையையும் புதைத்த 9,500 ஆண்டுப் பழமையான குழியைத் தொல்லியலாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். இத்தனை காலத்தில் பூனை கூட்டாக வாழவும் கற்றுக்கொண்டது. தாய், மகள், சகோதரி என்று பெண்பூனைகள் சேர்ந்து குட்டி வளர்ப்பதைப் பண்ணைகளில் பார்க்கலாம். ஆனால் கற்றுக்கொள்ளாதது ஒன்று இருக்கிறது. நாய்களும் குரங்குகளும் சண்டை போட்டால் பிறகு கிட்டே வந்து சமாதானம் செய்துகொள்ளும். பூனைகளிடம் அப்படி ஒரு வழக்கத்தை ஆய்வாளர்களால் தெளிவாகக் காண முடியவில்லை. பூனைக்குத் தெரிந்த சமாதானம், விலகிப் போய்விடுவது. மூன்று அறை உள்ள வீட்டில் விலகிப் போக எங்கே இடம்?

அதனால் முதல் சந்திப்பு கெட்டுப்போனால் சரிசெய்வது கடினம். பூனை இருக்கும் வீட்டுக்கு இன்னொரு பூனையைக் கொண்டுவந்த குடும்பங்களை எமிலி லெவின் குழுவினர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழப் பாதி வீடுகளில் ஆரம்பத்தில் சண்டை நடந்திருந்தது. மாதங்கள் கழிந்த பிறகும் சண்டை தொடர்ந்த வீடுகளுக்குப் பொதுவாக இருந்தது எது என்று பார்த்தால், பூனையின் வயதோ ஆணா பெண்ணா என்பதோ வீட்டின் அளவோ இல்லை. முக்கியமாக, முதல் சந்திப்பில் கடியும் பிறாண்டலும் இருந்ததா என்பதுதான். 'இரண்டையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்து, அதுகளே தீர்த்துக்கொள்ளும்' என்று சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். மற்ற விஷயங்களில் அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

மூக்குக்குத் தேவையான அவகாசத்தை, வேடிக்கையாக, ஒரு வைரஸ் நமக்கு வாங்கித் தருகிறது. பேன்லூக்கோபீனியா, நம் ஊர்க் கிளினிக்குகளில் 'பூனை பார்வோ' என்பார்கள். வாந்தி, பேதி, வெள்ளணுக்கள் சரிந்து விழுதல். சின்னக் குட்டிகளில் பிழைப்பவை குறைவு. தெருவிலிருந்து வரும் குட்டி பார்க்க நன்றாக இருக்கும்போதே இதைச் சுமந்து வரலாம். கையால் வளர்ந்த குட்டிக்கு இதில் இரட்டை ஆபத்து. பிறந்த முதல் நாளுக்குள் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் தாயின் நோய் எதிர்ப்பு குட்டிக்குப் போகிறது. அன்றே தாயை இழந்த குட்டிக்கு அந்தக் காப்பு கிடைத்தே இருக்காது. ஆகவே புதிதாக வந்ததைக் குறைந்தது இரண்டு வாரம் தனி அறையில் வைக்க வேண்டும். தனித் தட்டு, தனி மணல் தொட்டி, கை கழுவாமல் ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குப் போகாமை. தடுப்பூசி ஆறு அல்லது எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை.

தரை துடைப்பதிலும் ஒரு சங்கதி. நம் வீடுகளில் சுத்தம் என்றால் பினாயில். பீனால் வகைப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஈரத் தரையில் நடந்து காலை நக்கும் குட்டிக்கு அது நஞ்சு. போதாததற்கு இந்த வைரஸிடம் பினாயிலை நம்பவும் முடியாது. சாதாரணமாகக் கிடைக்கும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு முப்பத்திரண்டு பங்கு தண்ணீர் சேர்த்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்தால் போதும். கவனிக்காமல் விட்டால் அந்த வைரஸ் தரை விரிசலில் ஓர் ஆண்டு வரைகூடக் காத்திருக்கும்.

மருத்துவர் பார்த்து, இந்தக் குட்டிக்கு நோய் இல்லை என்று ஓரளவு நம்பிக்கை வந்ததும், தனிமை நாட்களின் பிற்பகுதியிலேயே வாசனை வேலையைத் தொடங்கலாம். ஒரு பழைய காட்டன் துணியால் புதுக் குட்டியின் கன்னத்தைத் தடவி, அதைப் பழைய குட்டி சாப்பிடும் தட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதல் முறை முகர்ந்துவிட்டுப் பின்வாங்கும். வாயை லேசாகத் திறந்து, உதட்டைச் சுருக்கி, சிந்தனையில் ஆழ்ந்தது போல நிற்கும். மேலண்ணத்தில் உள்ள இன்னோர் உறுப்புக்கு அந்த வாசனையை ஏற்றிப் படித்துக்கொண்டிருக்கிறது. நாலைந்து வேளை கழித்துத் துணியைத் தாண்டிப் போய்ச் சாப்பிடும். அந்த வாசனை வந்தால் மீன் வரும் என்று தெரிந்தாகிவிட்டது. கடையில் கிடைக்கும் செயற்கை வாசனைக் கருவிகள், 1990களில் பிரெஞ்சு மருத்துவர் பத்ரிக் பாஜேயின் ஆய்விலிருந்து வந்தவை. அவற்றின் பலன் பற்றிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பணம் மிச்சமிருந்தால் வாங்கலாம். பழைய துணிக்குச் செலவே இல்லை.

அடுத்தது கதவு. மூடிய கதவின் இரு பக்கமும் தட்டு. ஆரம்பத்தில் ஆறடி தள்ளி, தினமும் ஒரு சாண் நெருக்கம். அவித்த கோழியோ மத்தி மீனோ, உப்பு மிளகாய் இல்லாமல். பழைய குட்டி சாப்பிடுவதை நடுவில் நிறுத்திக் கதவைப் பார்த்தால் நேற்றைய தூரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். நாள் கணக்கை நாம் வைக்கக் கூடாது. ஒரு நாள் கதவின் கீழ் இடைவெளியில் பிஞ்சுப் பாதம் ஒன்று, நகம் உள்ளே மடங்கியபடி, நீண்டு துழாவும். இந்தப் பக்கத்துக் குட்டி தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு தன் பாதத்தால் அதை ஒரு தட்டு தட்டும். அது சட்டென்று உள்ளே போய், கொஞ்சம் தள்ளி மறுபடி வரும். இந்த விளையாட்டைப் பார்த்த பிறகு கதவைத் திறந்து நடுவில் கொசுவலையைக் கட்டலாம். இப்போதுதான் முகம். வலையின் இருபுறமும் மூக்கோடு மூக்கு வைத்து, பிறகு ஒன்று தானாகத் திரும்பி உட்கார்ந்து தன் தோளை நக்கிக்கொண்டால் நல்லது நடக்கிறது என்று அர்த்தம். வாலை நட்டுக்குத்தலாக நிமிர்த்தி வந்தால் இன்னும் நல்லது. அசையாமல் வெறித்துப் பார்ப்பதுதான் கெட்ட அடையாளம். சீறலைவிட அதற்குத்தான் நான் பயப்படுவேன். சீறுவது 'தள்ளி நில்' என்பதோடு முடிந்துவிடுகிறது.

வலையை எடுத்த பிறகு நடப்பது சண்டையா விளையாட்டா என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே நகரத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோயெமா கைடோஷ்-க்மெட்ஸோவா குழுவினர், ஜோடி ஜோடியாகப் பூனைகள் மோதும் 105 காணொளிகளை நுணுக்கமாகப் பிரித்துப் பார்த்து 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டிப் புரள்வது பெரும்பாலும் விளையாட்டு. உறுமல், ஊளை, ஒருதலையான துரத்தல் என்றால் பகை. இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் வகையும் அவர்களுக்குக் கிடைத்தது: விளையாட்டின் சாயல் உண்டு, ஆனால் ஒருவருக்கு அலுத்துவிட்டது. சத்தமில்லாமல் உருள்கின்றனவா, மாறி மாறி மேலே வருகின்றனவா, நடுநடுவே நின்று மூச்சு வாங்குகின்றனவா என்று பார்த்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

கையால் வளர்ந்த குட்டி இந்த மூன்றாம் வகையில்தான் அடிக்கடி மாட்டுகிறது. அதற்கு அளவு தெரியாது. புதுக் குட்டியின் கழுத்தைப் பிடித்து அழுத்தும். மற்றது கத்திவிட்டு நாற்காலிக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இது என்ன செய்வதென்று தெரியாமல் நடுக்கூடத்தில் நிற்கும். நம் விரல் ஒருநாளும் இப்படிப் போனதில்லையே. இந்த இடத்தில் வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தப்புச் செய்கிறார்கள்: 'ஐயோ பாவம்' என்று சின்னதைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள், பெரியதை அதட்டுகிறார்கள். பாடம் அங்கேயே கெட்டது. ரத்தமோ தொடர்ந்த அலறலோ இல்லாதவரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். சின்னது ஓடி ஒளிய இரண்டு மூன்று இடம், பெரியது நுழைய முடியாத அட்டைப்பெட்டி ஓட்டை, ஏறிக்கொள்ள ஓர் அலமாரித் தட்டு இருந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் அதுவே வெளியே வரும். இந்தத் தடவை கடி இலேசாக இருக்கும். எடை வித்தியாசம் அதிகமென்றால் மட்டும் ஆள் இல்லாத நேரத்தில் பிரித்து வையுங்கள். மணல் தொட்டி பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதல். வேறு வேறு மூலைகளில்.

நாயைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 'நாயும் பூனையும் மாதிரி' என்ற பழமொழி பயமுறுத்தும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் நெட்டா-லி ஃபாயர்ஸ்டைன், ஜோசப் டெர்கல் இருவரும் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டதில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் நட்பு, கால் பங்கில் கண்டும் காணாமை, பத்தில் ஒன்றில் மட்டும் சண்டை. பூனை ஆறு மாதத்துக்குள்ளும் நாய் ஓர் ஆண்டுக்குள்ளும் வந்திருந்தால், அதிலும் பூனை முதலில் வந்திருந்தால், கூடிப்போவது எளிது. வாலாட்டினால் நாய்க்கு நட்பு, பூனைக்கு எரிச்சல்; ஆனாலும் பெரும்பாலானவை மற்றதன் பாஷையைக் கற்றுக்கொண்டிருந்தன. பூனைகள் செய்வது போல மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிக்கும் நாய்களையும் அவர்கள் பார்த்தார்கள். ஆனால் ஓடும் குட்டியைக் கண்டால் எந்த நாய்க்கும் துரத்தத் தோன்றும். முதல் சில வாரங்கள் நாய் சங்கிலியில், குட்டி உயரத்தில். நாய்க்கும் பார்வோ ஊசி போட்டிருக்க வேண்டும். 1978 வாக்கில் உலகமெங்கும் நாய்களைக் கொன்ற பார்வோ, பூனையின் வைரஸுக்கு மிக நெருங்கிய உறவிலிருந்து கிளம்பியது. அதன் பிற்கால வகைகள் பூனையையும் தொற்றுகின்றன.

பறவை விஷயத்தில் குவோவின் மூன்றாவது கூட்டத்தை நம்பாதீர்கள். கிளியோடு சேர்ந்து தூங்கும் பூனை என்று கைப்பேசியில் சுற்றும் காணொளிகளையும் நம்பாதீர்கள். பூனையின் வாயில் இயல்பாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா, ஒரு சின்னப் பல் கீறல் வழியே போனாலும் ஓரிரு நாளில் பறவையின் ரத்தத்தை நஞ்சாக்கிவிடும். கொல்லும் எண்ணமே தேவையில்லை, விளையாட்டே போதும். பறவைக் கூண்டு தனி அறையில், தாழிட்ட கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். (கூண்டில் இருப்பது நம் நாட்டுப் பச்சைக்கிளி என்றால் அதை வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.) மீன் தொட்டிக்கு மூடி போட்டால் முடிந்தது.

இரண்டு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்று தலை வைத்துத் தூங்க ஆரம்பித்ததும் மறந்துபோகிற காரியம் கருத்தடை. ஆணும் பெண்ணுமாக இருந்தால் நாலாவது ஐந்தாவது மாதத்திலேயே கால்நடை மருத்துவரைக் கேட்டு நாள் குறித்துவிடுங்கள். பெண்குட்டி நாலு மாதத்திலேயே சினைப்படக்கூடும், கூடப்பிறந்தது என்று பூனை பார்ப்பதில்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் கையில் மூன்று நான்கு வாரக் குட்டி ஒன்று தனியாகப் பால் குடித்துக்கொண்டிருந்தால், அது பெரிதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரில் பூனை மீட்பவர்களையும் பக்கத்துக் கால்நடை மருத்துவரையும் இன்றே கேளுங்கள். இதே வயதில் தனியாக இன்னொரு குட்டி அநேகமாக அவர்களிடம் இருக்கும். அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் உங்களுடையதை அவர்களிடம் சில வாரம் விட்டுவைக்கலாம். மருத்துவர் இரண்டையும் பார்த்துச் சரி என்ற பிறகு சேர்த்து விடுங்கள். ஏழாவது வாரம் முடிவதற்குள்.